வாசகர் கேள்வி பதில்: இரண்டு மதிப்பெண் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போங்கள்

கேள்வி: நான் அம்பாசமுத்திரத்தைச் சேர்ந்தவள். அரசு உதவி பெறும் பள்ளியில் படித்து, 2024இல் பிளஸ் டூ தேர்வில் 600க்கு 561 மதிப்பெண் பெற்றேன். உயிரியலில் 98, வேதியியலில் 96, இயற்பியலில் 94. அதே ஆண்டு எழுதிய நீட் தேர்வில் 412 கிடைத்தது. பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. எங்கள் பள்ளி உதவி பெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் எனக்கு இல்லை. அம்மாவின் நகைகளை அடகு வைத்து என்னை ஓராண்டு விடுதியோடு கூடிய பயிற்சி மையத்தில் சேர்த்தார்கள். இரண்டாவது முறை எழுதி, 2025இல் பெற்றது 389. போன ஆண்டைவிட 23 குறைவு. முடிவு வந்த நாளிலிருந்து அப்பா என்னிடம் நேரடியாகப் பேசுவதில்லை. "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவிடம்தான் சொல்கிறார். அவர் மருந்துக் கடை வைத்திருக்கிறார். 1995இல் நுழைவுத் தேர்வு எழுதி, மருத்துவ இடம் கைநழுவிப் போனதால் ஃபார்மசி படித்தவர். மூன்றாவது முறை எழுது, இல்லாவிட்டால் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கும் பூர்விக வயலை விற்றாவது தனியார் கல்லூரியில் சேர்க்கிறேன் என்று அம்மா மூலம் சொல்லி அனுப்புகிறார். ஆனித் தேருக்கு வந்திருந்த உறவினர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். சித்தப்பா எல்லோர் முன்னிலையிலும் "என்னட்டி, இந்த வருசமாவது கெடச்சிரும்லா?" என்று கேட்டபோது அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். இதற்கிடையில் நான் அப்பாவுக்குத் தெரியாமல் கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். எனக்கு அதில் உண்மையாகவே விருப்பம் உண்டு. ஆனால் இரண்டு ஆண்டுப் பணத்தையும் வீணாக்கிவிட்டு இப்போது இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: மதிப்பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்; தரவரிசையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. உங்கள் வீட்டில் யாருமே அதைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 2024ஆம் ஆண்டின் மதிப்பெண் அட்டையையும் 2025ஆம் ஆண்டின் மதிப்பெண் அட்டையையும் அருகருகே வைத்து, அகில இந்தியத் தரவரிசை எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். மதிப்பெண் 23 குறைந்திருந்தாலும் தரவரிசையில் நீங்கள் நன்றாக முன்னேறியிருப்பீர்கள். இது ஆறுதலுக்காகச் சொல்லும் வார்த்தை அல்ல. அந்த இரண்டு ஆண்டுகளின் தேர்வுகளும் ஒரே அளவுகோலில் அமைந்தவை அல்ல. 2024இல் திருத்தப்பட்ட முடிவின்படி 17 பேர் 720க்கு 720 பெற்றார்கள். 2025இல் நாட்டிலேயே முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. பொதுப் பிரிவினருக்கான குறைந்தபட்சத் தகுதி மதிப்பெண் 2024இல் 162 ஆக இருந்தது, 2025இல் 144 ஆக இறங்கியது. பிற்படுத்தப்பட்டோருக்கு 127இலிருந்து 113 ஆனது. அது மட்டுமல்ல, 2024 வரை 200 கேள்விகளில் 180க்கு விடையளித்தால் போதும், நேரமும் 200 நிமிடம். 2025இல் அந்தத் தெரிவு நீக்கப்பட்டு, 180 கேள்விகளும் கட்டாயமாகி, நேரம் 180 நிமிடமாகச் சுருங்கியது. இயற்பியல் வினாக்கள் எவ்வளவு கடினமாக இருந்தன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை மாறுதல்களுக்கு நடுவே 412ஐயும் 389ஐயும் கழித்துப் பார்த்து "23 குறைந்துவிட்டது" என்று துக்கப்படுவது, மருந்துச் சீட்டில் மருந்தின் பெயரைப் படிக்காமல் மில்லிகிராமை மட்டும் ஒப்பிடுவதைப் போன்றது. உங்கள் அப்பாவுக்கு இது சட்டென்று விளங்கும்.

ஆனால் இந்தத் தரவரிசையால் அரசுக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இடம் வந்துவிடும் என்று நான் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். மாநில ஒதுக்கீட்டில் உங்கள் பிரிவில் அதற்குத் தேவைப்படும் மதிப்பெண் இதைவிட அதிகம். கலந்தாய்வுக்கு விண்ணப்பித்துவிட்டு அது நடக்கும்வரை காத்திருப்பதில் தவறில்லை. அதையே நம்பி மற்ற கதவுகளைச் சாத்திவிடுவதுதான் தவறு. ஒதுக்கீட்டைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்கும் உறுத்துகிறது. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கானது. உதவி பெறும் பள்ளிகள் அதில் சேரவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் வரை உதவி பெறும் பள்ளிகளே நிறைந்திருக்கும் நம் பக்கத்தில் இந்த விதி எத்தனை வீடுகளைத் தொட்டிருக்கிறது என்பதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இன்றைக்கு உங்களுக்கு அதனால் பயனில்லை என்பதால் மேலே போகிறேன்.

மூன்றாவது முறை எழுதலாமா என்ற கேள்விக்கு விடை உங்கள் உள்ளத்திலோ அப்பாவின் விருப்பத்திலோ இல்லை. உங்கள் விடைத்தாளில் இருக்கிறது. தேர்வு முகமை வெளியிட்ட இறுதி விடைக்குறிப்பையும் நீங்கள் விடைகளைக் குறித்த ஓ.எம்.ஆர். தாளின் படியையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாக உட்கார்ந்து பாருங்கள். சரியான விடைக்கு நான்கு, தவறான விடைக்குக் கழித்தல் ஒன்று என்னும் கணக்கில் 389 என்ற எண் பல வழிகளில் வரக்கூடும். 100 கேள்விகளைச் சரியாகவும் 11 கேள்விகளைத் தவறாகவும் எழுதி 69 கேள்விகளைத் தொடாமலே விட்ட மாணவிக்கும் 389தான்; 108 சரி, 43 தவறு, 29 தொடாதவை என்று எழுதிய மாணவிக்கும் 389தான். முதல் மாணவி தெரிந்ததைத் திருத்தமாக எழுதியிருக்கிறாள். அவளுக்கு நேரமோ பாடப்பகுதிகளோ போதவில்லை. விடுபட்ட பகுதிகளை முடித்து வேகத்தையும் கூட்டினால் மறுமுறை எழுதுவதில் பொருள் இருக்கிறது. இரண்டாவது மாணவி பாடத்தை எல்லாம் பார்த்திருக்கிறாள், ஆனால் பாதி தெரிந்ததை முழுதாகத் தெரிந்ததாக எண்ணி எழுதியிருக்கிறாள். அதே மையத்தில் அதே குறிப்புகளை இன்னோர் ஆண்டு படிப்பதால் இந்தப் பழக்கம் தானாக மாறிவிடாது. நீங்கள் இந்த இருவரில் யாருக்கு அருகில் இருக்கிறீர்கள், தவறுகள் இயற்பியலில் குவிந்திருக்கின்றனவா அல்லது 90 கேள்விகள் உள்ள உயிரியலிலேயே சிந்திப் போயிருக்கின்றனவா என்று பார்த்தால், மூன்றாவது ஆண்டு உங்களுக்கு எதைத் தரும் என்பது ஓரளவு தெளிவாகும். நீட் தேர்வை எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பு இல்லை. அதிகபட்ச வயதுக் கட்டுப்பாடும் 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. இதைப் பெரிய சலுகையாகச் சொல்கிறார்கள். நிறுத்த வேண்டிய இடத்தை வெளியிலிருந்து யாரும் சொல்லாத தேர்வில் அந்த இடத்தை வீட்டார்தான் முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. பேருந்து நிலையங்களில் தொங்கும் பயிற்சி மையங்களின் விளம்பரப் பலகைகள் மூன்றாவது முறையில் வென்றவரின் படத்தைத்தான் காட்டும்.

வயலை விற்கும் யோசனையை நான் வெளிப்படையாகவே எதிர்க்கிறேன். சுயநிதிக் கல்லூரிகளில் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக் கட்டணம் பத்து லட்சத்தைத் தாண்டும். நான்கரை ஆண்டுப் படிப்பு, அதன் மேல் ஓராண்டு பயிற்சி, விடுதி, புத்தகம், தேர்வுக் கட்டணம் என்று கூட்டினால் அரைக் கோடிக்கு மேல் போய்விடும். அதற்குப் பிறகு முதுநிலைப் படிப்பு என்ற இன்னொரு நுழைவுத் தேர்வு காத்திருக்கிறது. பரம்பரையாக வந்த ஆற்றுப் பாசன வயலை இழந்து, அதற்கும் மேல் கடனையும் சுமந்து படிக்கும் பெண் ஒவ்வொரு பருவத் தேர்விலும் அந்த வயலையும் தூக்கிக்கொண்டுதான் தேர்வு அறைக்குள் போக வேண்டியிருக்கும்.

இனி உங்கள் அப்பாவைப் பற்றிப் பேசலாம். அவருடைய எதிர்பார்ப்பை ஒரே கட்டியாகப் பார்த்து நீங்கள் மலைத்துப் போயிருக்கிறீர்கள். அதில் இரண்டு வேறு வேறு சங்கதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று, மகள் நாளைக்கு எப்படிப் பிழைப்பாள் என்ற அச்சம். அது நியாயமானது, தகவல்களைக் கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியும், சொல்ல வேண்டிய பொறுப்பும் உங்களுக்கு உண்டு. மற்றொன்று 1995இல் அவருக்குக் கிடைக்காமல் போனது. அந்தக் காலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு மாநில நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் கூட்டித்தான் மருத்துவ இடம் கொடுத்தார்கள். 1984இல் தொடங்கிய அந்தத் தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. 2007 முதல் 2016 வரை பத்து ஆண்டுகள் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு நுழைவுத் தேர்வே இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்துச் சேர்த்தார்கள். 2017இல் நீட் வந்தது. உங்கள் அப்பா ஒரு நுழைவுத் தேர்வில் சிக்கினார், நீங்கள் வேறொரு நுழைவுத் தேர்வில் சிக்கியிருக்கிறீர்கள், இரண்டுக்கும் நடுவே அது இல்லாத ஒரு காலம் வந்து போயிருக்கிறது. நாள் முழுதும் மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டுகளைப் படித்து மருந்து எடுத்துக் கொடுப்பவருக்கு அந்தப் பழைய ஏமாற்றம் அன்றாடம் கண்ணில் படுகிறது என்பதை நான் இரக்கத்தோடுதான் சொல்கிறேன். ஆனாலும் அதைத் தீர்த்து வைப்பது பத்தொன்பது வயது மகளின் கடமை அல்ல. சித்தப்பா கேட்டபோது அவர் எழுந்து போனது உங்கள் மீதுள்ள வெறுப்பாலும் அல்ல என்று நினைக்கிறேன். எல்லோர் முன்னிலையிலும் தாம் மறுபடி தோற்றதாக அவர் உணர்ந்திருக்கக்கூடும்.

இரண்டு ஆண்டுப் பணத்தை வீணாக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். நகையை அடகு வைக்கும் முடிவை எடுத்தவர்கள் பெரியவர்கள். நீங்கள் உடன்பட்டீர்கள், உழைத்தீர்கள். அந்தப் பணம் செலவாகிவிட்டது. போன பணத்துக்கு மதிப்புக் கொடுப்பதாக எண்ணி இன்னும் ஒரு லட்சத்தைச் செலவிடுவது எந்தக் கடைக் கணக்கிலும் வராது. நகையை மீட்பதுதான் இப்போது வீட்டின் முதல் தேவை என்றால், மூன்றாவது ஆண்டுப் பயிற்சிக் கட்டணம் அதற்கு நேர் எதிரானது என்பதை அப்பாவே ஒப்புக்கொள்வார்.

கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பித்ததை மறைத்ததில்தான் எனக்கு உங்கள் மேல் சிறிது வருத்தம். விண்ணப்பித்தது சரி. அதைத் தரவரிசைப் பட்டியல் வெளியாகி யாரோ ஒருவர் கடைக்கு வந்து சொல்லும் நிலைக்கு விட்டுவிடாதீர்கள். அப்படி நடந்தால் படிப்பைப் பற்றிய பேச்சு போய், மறைத்ததைப் பற்றிய பேச்சு வந்துவிடும். அவருக்குச் சொல்ல உங்களிடம் நல்ல செய்திகள் இருக்கின்றன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நிரப்புகிறது. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்கு மட்டுமே நீட் மதிப்பெண் பார்க்கப்படுகிறது. உயிரியலை 100க்கும் இயற்பியல், வேதியியலைத் தலா 50க்கும் மாற்றிக் கூட்டினால் உங்கள் கட்-ஆஃப் 200க்கு 193 வருகிறது. உறுதியாகக் கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாத, ஆனால் போட்டியில் நிற்கத் தகுந்த எண் இது. படிப்புக் காலம் பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை ஆண்டுகள், எம்.பி.பி.எஸ். படிப்புக்கும் அதே ஐந்தரைதான். அந்தப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று 2012 முதல் திருநெல்வேலியை அடுத்த நம் இராமையன்பட்டியிலேயே இருக்கிறது. கலந்தாய்வு எந்த ஊரில் கொண்டுபோய் விடும் என்பது வேறு கேள்வி. ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்ப்பவர்தானே என்று உறவினர்கள் சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள். சினை மாட்டுக்கு நள்ளிரவில் கன்று குறுக்கே திரும்பி நிற்கும்போது அவர்கள் யாரைத் தேடி ஓடுவார்கள் என்று நீங்கள் கேட்க வேண்டாம், மனத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இயங்கி வருகிறது. அதற்கு நீட் தகுதி வேண்டும், உங்களுக்கு அது இருக்கிறது. விண்ணப்பம் தனியாக அறிவிக்கப்படும். ஆனால் "எம்.பி.பி.எஸ். கிடைக்காததால் சித்தா" என்ற மனத்தோடு அங்கே போகாதீர்கள். சுவடி மொழியையும் மூலிகையையும் உடற்கூற்றியலையும் ஒருசேரப் படிக்க வேண்டிய கடினமான படிப்பு அது, அரை மனத்தோடு வருபவர்களை அது வாட்டிவிடும். கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரியும் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரியும் இருக்கின்றன. அவற்றுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான்.

அப்பாவிடம் பேசுவதற்கு அம்மாவைத் தூது அனுப்ப வேண்டாம். இத்தனை நாளும் தூது போனதால்தான் ஒருவர் மௌனத்தை ஒருவர் தவறாகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். கடை அடைத்து, கணக்கு முடித்து, சாப்பிட்ட பிறகு இரண்டு மதிப்பெண் அட்டைகளையும் உங்கள் விடைத்தாள் ஆய்வையும் எடுத்துக்கொண்டு எதிரே உட்காருங்கள். "அப்பா, பத்து நிமிஷம் நான் சொல்லுதத கேளுங்க, பொறவு நீங்க என்ன சொன்னாலும் கேக்கேன்" என்று தொடங்குங்கள். முதலில் தரவரிசை, அடுத்து எங்கே மதிப்பெண் போனது என்பது, கடைசியில் கால்நடை மருத்துவ விண்ணப்பம். மன்னிப்பை ஒரு முறைக்கு மேல் கேட்காதீர்கள். அதுவும் மறைத்ததற்காக மட்டும் கேளுங்கள், 389க்காகக் கேட்க வேண்டாம். அவர் அன்றைக்கே சம்மதித்துவிடுவார் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். எழுந்து போய்விட்டால் தாள்களை அவருடைய கணக்கு நோட்டின் மேல் வைத்துவிட்டு வந்து படுங்கள். எண்களோடு நாள்தோறும் பழகும் மனிதர், காலையில் எடுத்துப் பார்ப்பார். மூன்றாவது முறை எழுதித்தான் ஆக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றால், கல்லூரியில் சேர்ந்த பிறகு பயிற்சி மையத்துக்குப் போகாமல் ஒரே ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன் என்று சொல்லலாம். அதற்கு மேல் இறங்கி வராதீர்கள். சொன்னால் உண்மையாகவே படித்து எழுத வேண்டும், இரண்டையும் சேர்த்துச் சுமக்க முடியாது என்று தோன்றினால் அந்த வாக்கையும் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: திசையன்விளையில் கடை நடத்துகிறேன். என் மகன் இந்த ஆண்டு நீட் தேர்வில் 151 பெற்றான். நான் அவனை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. தகுதி பெற்றுவிட்டதால் வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம் என்று ஒரு முகவர் சொல்கிறார், முன்பணம் கேட்கிறார். மகனோ பி.எஸ்சி. கணினி அறிவியல் படிக்கிறேன் என்று ஒரு முறை சொன்னான், பிறகு எதுவுமே பேசுவதில்லை. அறையை விட்டு வெளியே வருவதில்லை, இரவில் தூங்குவதில்லை, சாப்பாடும் குறைந்துவிட்டது. நண்பர்கள் வந்தாலும் இல்லை என்று சொல்லச் சொல்கிறான். அவனுக்கு எப்படித் தைரியம் சொல்வது? முகவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: முகவர் காத்திருக்கட்டும். உங்கள் கடிதத்தில் மதிப்பெண்ணைவிட முக்கியமானது மகனின் தூக்கமும் சாப்பாடும்தான். தேர்வு முடிவு வந்த சில நாள்கள் ஒரு பிள்ளை முடங்கிக் கிடப்பது இயல்பு. அது வாரக்கணக்கில் நீண்டு, தூக்கமும் பசியும் நட்பும் ஒன்றாகக் குறைந்தால் அதைச் சோம்பல் என்றோ ரோஷம் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்றிரவே அவனருகில் உட்கார்ந்து, "வாழவே பிடிக்கலன்னு தோணுதாப்பா?" என்று நேரடியாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்படாதீர்கள். கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து. அவன் ஆமென்றாலும், பதில் சொல்லாமல் அழுதாலும், அவனைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டு, கடையில் இருக்கும் பூச்சிமருந்து போன்றவற்றை அவன் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்திவிட்டு, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எந்த நேரத்திலும் மனநல ஆலோசனைக்கான 14416 என்ற டெலி மனஸ் எண்ணையோ, தமிழ்நாடு அரசின் 104 என்ற எண்ணையோ அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நீங்களும் பேசலாம், அவனும் பேசலாம், கட்டணம் இல்லை. ஊரில் யாருக்காவது தெரிந்துவிடுமே என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கும். காய்ச்சல் நீடித்தால் யாருக்குத் தெரியும் என்று பார்த்துக்கொண்டா அழைத்துப் போகிறோம்?

நீங்கள் திட்டவில்லை என்பதை நான் நம்புகிறேன். ஆனால் முகவரிடம் நீங்கள் பேசிக்கொண்டிருப்பது அவன் காதில் விழுந்திருக்கும். தான் வேண்டுமென்று சொன்ன படிப்பைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்காமல், வேறொரு நாட்டுக்குப் பயண ஏற்பாடு நடப்பதைப் பார்க்கும் பிள்ளைக்குத் திட்டு வேறு தனியாக வேண்டியதில்லை.

முகவர் சொல்லாத சிலவற்றைச் சொல்கிறேன். வெளிநாட்டில் படிப்பதற்கு நீட் தகுதி போதும் என்பது சரி. 2021இல் தேசிய மருத்துவ ஆணையம் வகுத்த விதிகளின்படி அந்தப் படிப்பு குறைந்தது 54 மாதங்கள் ஆங்கில வழியில் நடக்க வேண்டும். அதே கல்வி நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும். இந்தியாவுக்குத் திரும்பி இங்கே நடக்கும் தகுதித் தேர்வில் தேறி, மீண்டும் 12 மாதப் பயிற்சி செய்ய வேண்டும். அந்தத் தகுதித் தேர்வில் 300க்கு 150 எடுத்தால் தேர்ச்சி. அப்படியிருந்தும் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொரு முறையும் தேறாமலே போகிறார்கள். விருப்பத்தோடு போகிறவர்களுக்கே இது கடினமான பாதை. 151 மதிப்பெண் எடுத்து, தனக்கு அந்தப் படிப்பு வேண்டாம் என்றும் சொல்லிவிட்ட பிள்ளையை மொழி தெரியாத குளிர் நாட்டுக்கு அனுப்புவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். முன்பணம் கொடுக்காதீர்கள்.

கணினி அறிவியல் படிப்பு பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலும் உங்கள் பக்கத்துக் கல்லூரிகளிலும் இருக்கிறது. ஆனால் விண்ணப்பம், கடைசித் தேதி என்று இன்றைக்கே அவனை விரட்ட வேண்டாம். முதலில் அவன் தூங்கட்டும். "நீ சொன்ன படிப்பப் பத்தி நான் சரியா கேக்கலப்பா, இப்ப சொல்லு" என்று ஒரு தடவை நீங்கள் சொன்னாலே வீட்டில் காற்று மாறும். ஓர் ஆண்டு தாமதமானாலும் குடி முழுகிவிடாது.

கேள்வி: பாளையங்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேரனுக்கு நீட் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று மகனும் மருமகளும் நாள்தோறும் அவனைக் கரித்துக் கொட்டுகிறார்கள். நான் குறுக்கே பேசினால் "நீங்க செல்லம் குடுத்துதான் இப்படி ஆயிட்டான்" என்கிறார்கள். நான் பேசலாமா, பேசாமல் இருப்பதா?
— ஓர் ஆச்சி

பதில்: பேரன் முன்னிலையில் பேசாதீர்கள், ஆச்சி. அங்கே பேசினால் சண்டை உங்களுக்கும் மருமகளுக்கும் ஆகிவிடும். பையன் தன்னால்தான் வீட்டில் இதுவும் வந்தது என்று கூடுதலாக ஒரு பாரத்தைத் தூக்கிக்கொள்வான். அவனோடு உங்களுக்குத் தனியாகக் கிடைக்கும் நேரத்தில் மதிப்பெண்ணைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் பேசுங்கள். பென்ஷன் வாங்க வங்கிக்குப் போகும்போது துணைக்குக் கூப்பிடுங்கள், கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொல்லி ஜங்ஷன் வரைக்கும் அழைத்துப் போங்கள். தன்னால் யாருக்காவது உபயோகம் உண்டு என்று அவனுக்கு இந்த மாதம் தெரிய வேண்டும். அதை உங்களைப் போல் இயல்பாகச் செய்யக்கூடியவர் அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

மகனிடம் பேச வேண்டியதைத் தனியாக, மருமகள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். அவர் பிளஸ் டூ படித்தபோது கணக்கில் எத்தனை மதிப்பெண் எடுத்தார், அன்றைக்கு அவருடைய அப்பா என்ன சொன்னார் என்பதெல்லாம் அந்த வீட்டில் இப்போது உங்கள் ஒருவருக்குத்தான் நினைவிருக்கும். முழுதும் சொல்ல வேண்டியதில்லை, "அந்த வருசம் ரிசல்ட் வந்தன்னைக்கு நீ எங்க போயி ஒளிஞ்சிருந்த?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.